துளைக்குள் தெரிவது

என் மேசையில் ஒரு சிள்வண்டு இருக்கிறது. கட்டைவிரல் நீளம். வெள்ளை ஜேட் கல். முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் இரும்புத்துரு இறங்கியது போல ஒரு பழுப்பு. 2009-ல் ஹாங்காங்கில் ஹாலிவுட் சாலைக்குக் கீழே இருக்கிற கேட் ஸ்ட்ரீட்டில் வாங்கியது. அந்தத் தெருவின் முறையான பெயர் அப்பர் லஸ்கார் ரோ. கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை லஸ்கர் என்று கூப்பிட்ட காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். வேலைக்காக ஹாங்காங் போய் இரண்டாம் வருடம். பாதி மாதச் சம்பளத்தை அந்த வண்டுக்குக் கொடுத்தேன்.

கடைக்காரர் சொன்னது இது: ஹான் அரசர்கள் காலம், இரண்டாயிரம் வருடப் பழசு, இறந்தவரின் நாக்கின் மேல் வைத்துப் புதைத்தது. சிள்வண்டின் குஞ்சு வருடக்கணக்கில் மண்ணுக்குள் இருந்துவிட்டு ஒருநாள் மேலே ஏறி, கூட்டை உரித்துப்போட்டுப் பறக்கும். செத்தவரும் அப்படி எழ வேண்டும் என்று நாக்கில் வண்டை வைத்தார்கள். அந்த வழக்கம் உண்மை. கல்லறைகளில் அப்படிப்பட்ட வண்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கதையைக் கேட்டதும் என் கை தானாகப் பணப்பைக்குப் போனது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் காட்டினேன். அப்பா திருச்சியில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவர். நாற்பது வருடம் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தவர். சீனாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, வண்டின் இறக்கையையோ கண்ணையோ பார்க்காமல், தலைப்பக்கம் நூல் கோக்க இருந்த துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல எவன் வேணா மெருகு போடுவான். ஓட்டைக்குள்ள போட எவனுக்கும் பொறுமை கெடையாது. இது மோட்டார்ல போட்ட ஓட்டைடா."

அதற்குப் பிறகுதான் நான் படிக்கவே ஆரம்பித்தேன்.

ஜேட் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு கற்களை. பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தமூர் 1846-ல் ஒன்றையும் 1863-ல் இன்னொன்றையும் பகுத்துப் பார்த்துத்தான் இது தெளிவானது. ஒன்று நெஃப்ரைட், கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த சிலிகேட். மற்றது ஜேடைட், சோடியமும் அலுமினியமும் சேர்ந்தது. நகைக்கடைகளில் வளையலாகத் தொங்கும் பளீரென்ற பச்சை பெரும்பாலும் இரண்டாவது. சீனர்கள் அதை ஃபெய்சுய் என்பார்கள், மீன்கொத்தியின் சிறகு நிறம் என்று பொருள். அது பர்மாவிலிருந்து பெருமளவில் சீனாவுக்கு வந்தது 18-ம் நூற்றாண்டில்தான். ஆகவே அந்தப் பச்சையில் யாராவது ஹான் காலத்துச் சிற்பம் என்று ஒன்றை நீட்டினால் லென்ஸை எடுக்கவே வேண்டாம். பழைய சீனாவின் 'யூ' என்பது நெஃப்ரைட். மேற்குச் சீனாவின் கோத்தான் பக்கத்து ஆறுகளில் உருண்டு வரும் கூழாங்கற்களில் மிகச் சிறந்ததை ஆட்டுக்கொழுப்பு வெள்ளை என்பார்கள். கையில் எடுத்தால் அந்தப் பெயர் எவ்வளவு சரி என்று புரியும். பளபளப்பு மேலே நிற்காது, உள்ளே ஊறிக் கிடக்கும்.

எந்தக் கல் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். காற்றில் ஒரு தடவை எடை போட்டு, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு தடவை எடை போட்டால் அடர்த்தி வந்துவிடும். நெஃப்ரைட் ஏறக்குறைய 2.95, ஜேடைட் 3.3, ஜேட் என்ற பெயரில் அதிகம் விற்கப்படும் செர்பன்டைன் 2.6-ஐ ஒட்டி நிற்கும். என் வண்டு 2.96 காட்டியது. கல் சரியான கல். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் தப்பான சந்தோஷம். கோத்தான் ஆறுகளில் இன்றைக்கும் அதே கல் கிடைக்கிறது. கல்லுக்கு வயது கேட்டால் அது மலையின் வயதைத்தான் சொல்லும். எலும்பையும் கரியையும் போல இதில் கார்பன் கணக்குப் போட முடியாது. சுட்ட மண்பாண்டத்துக்குச் செய்கிற சோதனையும் இதற்கு உதவாது. கல்லைச் சோதித்து 'இது பொய்' என்று சில சமயம் நிரூபிக்கலாம். 'இது பழசு' என்று நிரூபிக்க முடியாது. வயது இருப்பதெல்லாம் தேய்த்த தடத்தில்.

தேய்த்த தடம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஜேட்டை யாரும் செதுக்கியதில்லை. நெஃப்ரைட் மிக நுண்ணிய நார்கள் பின்னிப் பின்னி இறுகிய கல். உளி வைத்து அடித்தால் சில்லு பெயராது. எஃகுக் கத்தி கீறாது. அதைவிடக் கடினமான மணலை ஈரத்தோடு வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் குறைக்க முடியும். மணல்தான் வெட்டுகிறது, நூல், மூங்கில், எலும்பு, பிற்காலத்தில் உலோகச் சக்கரம் எல்லாம் அந்த மணலைப் பிடித்துக்கொடுக்கிற கைகள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2005-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் தலைமையில் சீனாவின் புதிய கற்காலக் கல்கோடரிகள் நான்கைச் சோதித்தார்கள். அந்தக் கல்லில் அதிகமாக இருந்தது குருந்தம். அதை அவ்வளவு மெருகாக்க வைரத்தூளே பயன்பட்டிருக்கலாம் என்றும் எழுதினார்கள். குருந்தம் நம் சொல். உலகம் முழுக்க இன்று அந்தக் கனிமத்துக்கு வழங்குகிற கொரண்டம் என்ற பெயர் அதிலிருந்து போனதுதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, தன் தொழிலில் ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவனைச் சந்தித்தது போலத் தலையாட்டினார்.

மணலும் நூலும் வெட்டிய தடம் எப்படி இருக்கும்? இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று நூலை இழுக்கும்போது நூல் வளையும்; அதனால் வெட்டிய முகத்தில் அலை அலையாக வளைகோடுகள் விழும். துளை போட மூங்கில் குழாயை மணலில் சுழற்றுவார்கள். குழாய் தேயத் தேயத் துளை உள்ளே போகப் போகக் குறுகும். பாதி வரை ஒரு பக்கம், மறுபாதி எதிர்ப்பக்கம். இரண்டும் நடுவில் சந்திக்கும் இடம் அச்சாகப் பொருந்தாது, ஒரு சின்னப் படி நிற்கும். அந்தப் படியை நான் முதன்முதலாக என் விரல்நுனியில் உணர்ந்தது ஒரு குழல் மணியில். ஐரோப்பியர் ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து, 1937-ம் ஆண்டு ரசீதோடு வந்த மணி அது. என் வண்டின் விலையில் கால்பங்கு. பார்க்க ஒன்றுமே இல்லை. துளைக்குள் வெளிச்சம் விட்டால் இரண்டு கூம்புகள் கொஞ்சம் விலகிச் சந்திக்கின்றன. நூல் ஆடி ஆடி ஒரு விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கிறது. என் வண்டின் துளையோ ஒரே அகலத்தில் நேராக, உள்சுவரில் திருகாணி போல ஒரே சீரான வரிகளோடு ஓடுகிறது. மின்சார விசையில் சுழன்ற வைரமுனையின் வேலை. மேல்முகத்துக்கு அழகான மெருகு, அதன் மேல் பழுப்பு. உள்ளே யாரும் திரும்பிப் போகவில்லை.

அது மட்டுமா? ஹான் காலத்தில் நாக்கில் வைத்த வண்டுக்குத் துளையே இருக்காது. துளை உள்ளது உயிரோடு இருப்பவர் கோத்து அணிந்தது. செத்தவர் வாயில் வைப்பதற்கு நூல் எதற்கு? இவ்வளவு எளிய கேள்வியை அன்று கடையில் நான் கேட்கவில்லை. கதை என்னை அந்தப் பக்கமே விடவில்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தில் இதை முறையான அறிவியலாகவே செய்திருக்கிறார்கள். ஜேட்டின் கீறல்களில் சிலிக்கோன் ரப்பரை அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கூடவே பழைய முறைகளில் தாங்களே தேய்த்துப் பார்த்த கற்களோடு ஒப்பிட்டார்கள். கையால் கீறிய கோடு, சக்கரம் போட்ட கோடு, இன்றைய வைரக் கருவி போட்ட கோடு எல்லாம் அடியில் வேறு வேறு மாதிரி இருக்கும். அப்பா பத்து மடங்கு லென்ஸில் செய்ததுதான் அது.

அந்தக் கையால் கீறிய கோட்டின் உச்சம் லியாங்சூ. இன்றைய ஹாங்சோ நகரத்துக்குப் பக்கத்தில் கி.மு. 3300 முதல் 2300 வரை வாழ்ந்த மக்கள். 1986-ல் அவர்களுடைய ஃபான்ஷான் இடுகாட்டில் ஒரு கல்லறையில் கிடைத்த 'ட்சோங்' 6.5 கிலோ எடை. வெளியே சதுரம், உள்ளே வட்டத்துளை. நான்கு பக்கமும் இறகுக் கிரீடம் வைத்த மனிதன், அவன் வயிற்றுப்பக்கம் பெரிய கண்கள் கொண்ட விலங்கு. இந்தக் கைகள் போட்ட கோடுகள் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் நான்கைந்து வரை இருக்கின்றன. உலோகம் இல்லை, லென்ஸ் இல்லை. அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று தடுமாறும், ஒன்று தாண்டிப்போய் நிற்கும், திரும்பி வந்து மறுபடி கீறியிருக்கும். போலியின் கோடு தடுமாறாது. நான் மிக அதிக நேரம் கண்ணாடிக்கு முன் நின்ற அருங்காட்சியகப் பொருள்கள் இவைதான்.

இனி அந்தப் பழுப்பு. மண்ணுக்குள் கிடந்த ஜேட் சும்மா இருக்காது. பக்கத்தில் இருந்த இரும்பு பழுப்பை ஏற்றும். கல்லறையில் தூவிய சாதிலிங்கம் சிவப்பாக ஒட்டும். கார மண் நார்களைத் தளர்த்தி வெளுக்க வைக்கும். கோழியெலும்பு வெள்ளை என்று அதற்குப் பெயர். இந்த ஊறலை 'ச்சின்' என்பார்கள். வாங்குகிறவர் முதலில் தேடுவது இதைத்தான். அதனால் போலி செய்கிறவர் முதலில் செய்வதும் இதைத்தான்.

1839-ல் சென் ஷிங் என்ற சேகரிப்பாளர் தன் காலத்து வித்தைகளை எழுதி வைத்திருக்கிறார். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாயைக் கொன்று, சூடு ஆறுமுன் அதன் வயிற்றுக்குள் ஜேட்டை வைத்துத் தைத்து, தெருவோரம் புதைத்து, வருடங்கள் கழித்து எடுப்பார்கள். அது நாய் ஜேட். உயிரோடிருக்கும் ஆட்டின் காலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். சில வருடம் கழித்து எடுத்தால் கல்லில் ரத்த நரம்பு போலச் சிவப்பு இழைகள் ஓடும். அது ஆட்டு ஜேட். தளர்ந்த கல்லைக் கருநிற பிளம் பழச் சாற்றில் கொதிக்க வைப்பது ஒரு வகை. காரநீரில் காய்ச்சி, சூட்டோடு பனிக்காற்றில் போட்டு மயிரிழை விரிசல் வரவழைப்பது இன்னொரு வகை. இருநூறு வருடத்துக்கு முன்பே ஒரு நிறத்துக்காக ஒரு ஆட்டின் காலில் கல்லைத் தைத்திருக்கிறார்கள் என்றால், என் வண்டின் பழுப்புக்கு ஒரு மதியம் போதும்.

எப்படிப் பிரித்தறிவது? உண்மையான ஊறல் கல்லின் பலவீனமான வழிகளில் நுழையும். விரிசல், குறை, நார் தளர்ந்த இடம் என்று தேடிப் போகும், உள்ளே போகப் போக மங்கும். ஏற்றிய நிறம் கோடுகளின் பள்ளத்தில் தேங்கி நிற்கும், ஒரே ஆழத்தில் முடிந்துவிடும். வெளுத்த கல்லில் இன்னும் கவனம் வேண்டும். நெஃப்ரைட்டை 900 டிகிரிக்கு மேல் சுட்டாலும் வெளுக்கும். ஆனால் அப்போது கனிமமே டயோப்சைடு என்ற வேறொரு கனிமமாக மாறத் தொடங்கும், ஒளியைப் பாய்ச்சிக் கனிமத்தை அடையாளம் காணும் ராமன் கருவி அதைக் காட்டிவிடும். அதற்காகச் சுட்டதெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. பழங்காலத்திலேயே நெருப்பில் பட்ட ஜேட்டும் உண்டு.

இந்த ஆசை நம் காலத்து ஆசை இல்லை. 1976-ல் ஆன்யாங்கில் ஃபூ ஹாவ் என்ற ராணியின் கல்லறையைத் தோண்டினார்கள். ஷாங் அரசன் வூ திங்கின் மனைவி, படை நடத்தியவள், கி.மு. 1200-ஐ ஒட்டி இறந்தவள். 755 ஜேட் பொருள்கள் அவளோடு இருந்தன. அவற்றுள் சில அவளுக்கே மிகப் பழையவை. வடக்கே ஹாங்ஷான் மக்கள் செய்த பாணியில், அவள் பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. எந்த வழியாக அவளிடம் வந்தன என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவள் அவற்றை வைத்துக்கொண்டாள், தன்னோடு எடுத்துப் போனாள். இந்த உலகத்தில் எனக்கு முன்னோடி யார் என்று கேட்டால் அவளைச் சொல்வேன்.

அடுத்த பெரிய பெயர் 18-ம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியன்லாங் பேரரசர். கைக்குக் கிடைத்த பழைய ஜேட்டில் எல்லாம் தன் கவிதையைப் பொறிக்க வைத்தவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு 'பீ' இருக்கிறது, நடுவில் துளையிட்ட வட்டத்தட்டு, ஷாங் காலத்தது. அது கிண்ணம் வைக்கும் தாங்கி என்று அவர் முடிவு செய்தார். 1790-ல் அதன் மேலேயே கவிதை பொறிக்க வைத்தார். அந்தக் காலத்தில் கிண்ணமே கிடையாது என்கிறார்களே, அப்படியானால் தாங்கி எப்படி வந்தது என்று அதில் வாதாடுகிறார். பிறகு தானே ஒரு பீங்கான் கிண்ணத்தைத் தேடி அதற்கு ஜோடி சேர்க்கிறார். தைப்பேயின் அரண்மனை அருங்காட்சியகத்தில் லியாங்சூ ட்சோங் ஒன்றின் மேல் அவர் கவிதை இருக்கிறது. கல்லில் உள்ள முகங்கள் தலைகீழாகத் தெரியும் பக்கம் பொறித்திருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய ஜேட் சேகரிப்பு வைத்திருந்தவருக்கு அது எந்தக் காலத்தது, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. லியாங்சூ என்ற பண்பாடு ஒன்று இருந்ததே 1936-ல் ஷி ஷிங்கெங் அங்கே தோண்டத் தொடங்கிய பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மண்ணில் எந்த அடுக்கில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ட்சோங்கின் வயதைச் சொன்னது.

மண் சொல்லாதபோது நிபுணர்களும் வழுக்குகிறார்கள். 1968-ல் மான்செங்கில் ஹான் இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையில் 2,498 ஜேட் துண்டுகளைத் தங்கக்கம்பியால் தைத்த உடை கிடைத்தது. அந்தப் புகழ் போதும். பின்னாளில் ஒரு தொழிலதிபர் அதே மாதிரி ஒரு உடையைச் செய்வித்தார். பெயர்பெற்ற ஐந்து நிபுணர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்து 240 கோடி யுவான் மதிப்பு என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதம் வங்கிக் கடன் வாங்கும் இடத்தில் வேலை செய்தது. 2011-ல் விஷயம் வெளியே வந்தது. அதே 2011-ல் பெய்ஜிங்கில் 'ஹான் கால' ஜேட் ஒப்பனை மேசையும் முக்காலியும் 22 கோடி யுவானுக்கு ஏலம் போயின. முந்தைய வருடம் ஜியாங்சூவின் பிஜோவில் செய்தவை என்று பிறகு தெரிந்தது. ஹான் காலத்தில் மக்கள் பாயில்தான் உட்கார்ந்தார்கள், முக்காலியில் அல்ல. என் வண்டின் துளையைப் போலத்தான் இதுவும். கேள்வி கண் முன்னால் நின்றது, கேட்க ஆள் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பியன் ஹ என்பவனின் கதையைச் சீனாவில் குழந்தைகளுக்கும் தெரியும். மலையில் எடுத்த கல்லை அரசனிடம் கொண்டுபோனான். சோதித்தவர் வெறும் கல் என்றார். இடது கால் போனது. அடுத்த அரசனிடம் போனான். வலது காலும் போனது. மூன்றாவது அரசன் வந்தபோது மலையடியில் மூன்று நாள் அழுதான். காலுக்காக அழவில்லை, ஜேட்டைக் கல் என்கிறார்களே, உண்மை சொன்னவனைப் பொய்யன் என்கிறார்களே, அதற்காக அழுகிறேன் என்றான். அந்தக் கல்லை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஒப்பில்லாத ஜேட்.

2015-ல் லியாவ்னிங் மாகாணத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. நியூஹேலியாங் பக்கத்து ஹாங்ஷான் கல்லறைகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டிய கும்பல்கள் பிடிபட்டன. 175 பேர் கைது, 1,168 பொருள்கள் மீட்பு. மீட்ட பொருள்களை மேசைமேல் பரப்பி வைத்த படங்களைப் பார்த்தேன். எது எந்தக் கல்லறையில், எந்த எலும்பின் மார்பில் இருந்தது என்று இனி எழுத முடியாது. ஹாங்ஷானின் புகழ்பெற்ற வளைந்த டிராகனுக்கே அந்தக் குறை உண்டு. 1971-ல் உள்மங்கோலியாவில் ஒரு விவசாயியின் கையில் அகப்பட்டது, 26 சென்டிமீட்டர் உயரம், இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுச் சிறுவன் கயிறு கட்டி இழுத்து விளையாடினான் என்று சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் தோண்டி எடுக்காததால் அதன் காலத்தைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

அந்தச் செய்தி வந்த அடுத்த வருடம், எனக்கு நன்கு பழகிவிட்ட ஒரு கடையில், உள்ளறைக்குக் கூப்பிட்டு ஒரு ஆந்தையைக் காட்டினார்கள். உள்ளங்கையில் பாதி. இறக்கை விரித்த நிலை, மஞ்சள் கலந்த பச்சை. விளிம்பு விரலில் வழுக்கிக்கொண்டு மெலிந்து போகிறது. திருப்பினேன். முதுகில் இரண்டு துளைகள், சாய்வாக எதிரெதிரே இறங்கி உள்ளே சந்திக்கிற மாதிரி, மாட்டுமூக்கில் கயிறு போடுவது போல. ஹாங்ஷான் மக்கள் இப்படித்தான் துளைத்தார்கள். லென்ஸை வைத்தேன். துளை வாயில் அகலம், உள்ளே குறுகல், சுவரில் ஒழுங்கில்லாத வட்டத் தடங்கள். ஒரு துளையின் விளிம்பு நூல் இழுத்த திசையில் மட்டும் மழுங்கியிருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உலர்ந்த மண், அதற்குள் மயிரை விட மெல்லிய ஒரு வேர். எனக்குத் தெரிந்த எல்லாக் கேள்விக்கும் அந்த ஆந்தை சரியான பதில் சொன்னது. ஏழு வருடமாக நான் கற்றுக்கொண்டது இந்த ஒரு பொருளை அடையாளம் காணத்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய சேகரிப்பு என்றார். யாருடையது என்றேன். சிரித்தார். காகிதம் உண்டா என்றேன். "புது வரவு. இப்படி இனிமேல் கிடைக்காது" என்றார். விலையையும் சொன்னார், என்னால் கொடுக்க முடிகிற விலைதான்.

நிலத்தடியில் கிடைக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம் என்று சீனச் சட்டம் 1982 முதலே சொல்கிறது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு நினைவில் வந்தது சட்டம் இல்லை. அந்த வேர். ஐயாயிரம் வருடம் ஒருவர் மார்பில் கிடந்ததை, வேர் காய்வதற்குள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆந்தையைத் துணியின் மேல் வைத்தேன். வேண்டாம் என்றேன். அவர் மெல்லிய காகிதத்தில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தார். அதன் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓட்டை சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சுப்பா. உள்ள மண்ணு இருந்துச்சு."

அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.